மூன்றாம் சிலிண்டரும் கச்சால் இந்திராணியும்

இந்த உலகத்தில் எஞ்சின்கள் ஓடுவதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று பெட்ரோல். இன்னொன்று எங்கள் இந்திராணி அக்கா. பெட்ரோல் இல்லாமல்கூடச் சில வண்டிகள் ஓடிவிடும், இறக்கத்தில். அக்கா இல்லாமல் ஓடாது. அவள் தும்மினால் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பல்களெல்லாம் தானாக ஸ்டார்ட் ஆகிவிடுகின்றன என்பதால்தான் அவளைப் போர்ட் பிளேயரில் வைத்துக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் வடக்கே மாயாபந்தருக்கு அனுப்பிவிட்டார்கள். பாரன் ஐலண்டில் எரிமலை விட்டுவிட்டுப் புகைகிறதே, அதற்குப் படித்தவர்கள் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். அக்காவிடம் ஒரு டிங்கிப் படகும் ஒரு டார்ச்சும் கொடுத்து அனுப்பிப் பாருங்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "மூணாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாள்.

இதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் கூடுதல் இருக்கலாம்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது. பிறந்தது கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவள் தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். சுனாமிக்குப் பிறகு கச்சாலை விட்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஊரில் எல்லாவற்றையும் கிண்டுகிற நானும் அதை மட்டும் கிண்டியதில்லை. போர்ட் பிளேயர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. ஸ்பானர் கொடுப்பார்கள் என்று போனால் நாற்காலியும் பேனாவும் கொடுத்தார்கள். வருகிற வண்டிக்காரர்களிடம் குறையைக் கேட்டு அட்டையில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அக்கா குறையை மேலே எழுதுவாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலேயே, காரணத்தையும் எழுதிவிடுவாள். முதல் மாதம் உள்ளே இருந்த மெக்கானிக்குகள் அந்த அட்டையை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சிரித்தார்கள். நான்காம் மாதம் அட்டை வராமல் ஒருவரும் பானெட்டைத் திறக்கவில்லை.

தீவுக் கப்பலில் வேலை பார்க்கிற சண்முகம் மாமாவைக் கட்டிக்கொண்டு மாயாபந்தருக்கு வந்தாள். மாமா பாதி மாதம் கடலில் இருப்பார். அவருடைய பழைய பாய்லர் சூட் உடுப்பைக் கையும் காலும் மூன்று மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு, படகுத்துறைக்குப் போகிற ஜெட்டி ரோட்டு இறக்கத்தில் தகரக் கூரை போட்டு, சொந்தமாக ஒர்க்ஷாப் தொடங்கினாள். வண்டி வந்ததும் எஞ்சினைப் பார்க்கமாட்டாள். ஓட்டி வந்தவரை உட்கார வைத்து, நேற்று என்ன செய்தீர்கள், முந்தா நாள் எங்கே போனீர்கள் என்று விசாரிப்பாள். பெங்காலிக்கும் தெலுங்குக்காரருக்கும் ஹிந்தியில், நமக்குத் தமிழில். இந்தக் கேள்விக்கு நடுங்கியே நிறையப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

என்னிடம் மட்டும் அவளால் உண்மையைக் கறக்க முடியாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் பெனிட்டா. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை போகாமலேயே இருந்து கணக்கை ஜெயித்தவள். காலை பத்து மணிக்கு முன் எழாதவள், அடுத்தவர் சைக்கிள் மணியைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் கட்டுகிறவள் என்று எனக்கு ரோடு முழுக்கப் பேர் உண்டு. அந்தப் பேரைக் காப்பாற்ற நானும் உழைத்துத்தான் வந்தேன். ஒருமுறை சங்கு நண்டு ஒன்றைத் தகர டப்பாவில் போட்டு, அக்காவிடம் வந்திருந்த ஜீப்பின் பானெட்டுக்குள் ஒளித்து வைத்தேன். டக் டக் என்று சத்தம். ஜீப்காரருக்கு வேர்த்துவிட்டது. அக்கா எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். சத்தம் நிற்கவில்லை. "எஞ்சின் நின்ன பிறகும் ஓடுதுன்னா அதுக்குக் கால் இருக்கு" என்று சொல்லி டப்பாவை எடுத்தாள். மறுநாள் அந்த நண்டு என் செருப்புக்குள் குடியிருந்தது.

இனி எங்கள் காடிக்கு, அதாவது வண்டிக்கு, வருவோம். அப்பா மிக்கேல் இருபது வருஷம் கடலுக்குப் போனவர். இடிந்தகரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தோள்பட்டை விலகியது. அதன் பிறகு வலை இழுக்க முடியவில்லை. டிங்கியையும் மோட்டாரையும் விற்று, ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் எஸ்.யூ.வி. ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். புது மாடல். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் மணியடிக்கும், பெல்ட் போடாவிட்டால் அழும். ஆனால் தனக்கே ஒரு நோய் வந்தால் மட்டும் வாயைத் திறக்காது. ஒரு மஞ்சள் விளக்கை வைத்துக் கண்ணடிக்கும்.

பிப்ரவரியிலிருந்து அது கண்ணடித்துக்கொண்டே இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குளிர்க் காய்ச்சல்காரன் மாதிரி உதறும். ஏற்றத்தில் இழுக்காது. நண்பகலுக்குள் தானாகச் சரியாகிவிடும். அப்பா காட்டு வழியே வண்டிகளைக் கூட்டமாக விடுகிற கான்வாயில் காத்துக் கிடந்து போர்ட் பிளேயர் வரை கொண்டுபோய் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் காட்டினார். அவ்வளவு தூரம் ஓடிச் சூடான வண்டி அங்கே போய் நல்ல பிள்ளையாக நின்றது. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, மூன்றாம் சிலிண்டரில் தீப்பொறி தருகிற காயில் என்கிற சாமான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாட்டி அனுப்பினார்கள். இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி உதறல். ஃபோன் செய்தபோது, அப்படியென்றால் கோளாறு எஞ்சினுக்குள்ளே இருக்கும், தலையைக் கழற்ற வேண்டும், சாமான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவிடம் இரண்டு மாதம் இல்லை. இரண்டு நாள்தான் இருந்தது. ஊரில் ஒரு அலுவலகத்துக்கு வருஷ ஒப்பந்தத்தில் வண்டி வேண்டியிருந்தது. பட்டியலில் முதல் பெயர் அப்பா. இரண்டாவது தம்பையா மாமா, அப்பாவோடு ஒரே படகில் கடலுக்குப் போனவர், எங்களுக்கு அடுத்த வீடு. திங்கட்கிழமை காலை அதிகாரி அப்பாவின் வண்டியில் ஏறி ரங்கத் வரை போய்த் திரும்புவார். ஒழுங்காக ஓடினால் கையெழுத்து. உதறினால் அடுத்த பெயர். கடலும் போய் இதுவும் போனால் அப்பாவுக்கு என்ன மிச்சம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அப்பா அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் போய்ச் சொன்னார். அவள் பதறவில்லை. ஓடிச் சூடான வண்டி எனக்கு வேண்டாம், இரவெல்லாம் நின்று ஆறின வண்டி வேண்டும், எஞ்சினைத் தொடாமல் காலையில் உருட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அப்படியே சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜெட்டி ரோட்டு இறக்கத்தில் காரை உருட்டினோம். அப்பா ஸ்டியரிங்கில். பின்னால் தள்ளியது தம்பையா மாமாவும் நானும். நான் அந்நேரத்துக்கு விழித்திருந்ததைப் பார்த்து மாமா, இன்று சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் கொட்டாவி விட்டுக் காட்டினேன். கார் ஒர்க்ஷாப்பில் நின்றதும் மாமா தன் சவாரிக்குப் போய்விட்டார்.

அக்கா ஸ்கேனரைச் செருகிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். கார் உதறியது. திரையில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு வரி, எத்தனை தடவை மிஸ் அடித்தது என்று. ஒன்று, இரண்டு, நான்கில் பூஜ்யம். மூன்றில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது, எங்கள் கணக்கு டீச்சர் என் பேப்பரில் தப்பு எண்ணுவது மாதிரி. அப்பா முகம் தொங்கிவிட்டது. அக்கா பாட்டுக்கு எஞ்சினை நிறுத்தி, மூன்றாவதின் காயிலைப் பிடுங்கி ஒன்றாவதில் போட்டாள். ஒன்றாவதை மூன்றாவதில் போட்டாள். மறுபடி ஸ்டார்ட். இப்போது மூன்றில் பூஜ்யம், ஒன்றில் எண் ஏறியது. நோய் காயிலோடு இடம் மாறிவிட்டது.

"அப்ப காயில்தானே போச்சு?" என்றார் அப்பா.

"போனது காயில்தான் அண்ணே. ஆனா ரெண்டு மூணு வாரத்துல புதுக் காயில் தானா சாவாது. யாரோ கொல்லுறாங்க."

அதை அவள் சொன்ன விதத்தில், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது போல எனக்கு முதுகு நிமிர்ந்தது.

முதலில் அப்பாவின் பெரிய பயத்தைத் தீர்த்தாள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரை வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டு அழுத்தம் பார்த்தாள். நான்கிலும் முள் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. உள்ளே எந்தக் கோளாறும் இல்லை, தலையைக் கழற்ற நினைத்தவர்கள் தங்கள் தலையைக் கழற்றிக்கொள்ளட்டும் என்றாள். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு மூன்றாவதின் பிளக்கை வெயிலில் திருப்பிக் காட்டினாள். வெள்ளைப் பீங்கான் மேல் பேனாவால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. தீப்பொறி உள்ளே போகாமல் வெளியே வழி கண்டுபிடித்துப் போன தடம் அது. பிளக் உட்கார்ந்திருந்த குழிக்குள் டார்ச் அடித்தாள். குழியின் சுவரெல்லாம் துரு. பிளக்கைக் கழற்றும்போது அவள் துணியால் ஒற்றி எடுத்த ஈரம் போக ஓரத்தில் இன்னும் தண்ணீர் மினுங்கியது. குழியின் வாயை மூடுகிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தண்ணீர் அந்தக் கிழிசல் வழியாக இறங்கி, காயிலைத் திரும்பத் திரும்ப நனைத்து, தீப்பொறியைத் திருடியிருக்கிறது. நல்ல காயில் சில வாரம் தாங்கும், பிறகு தளர்ந்துவிடும். ஓட ஓட எஞ்சின் சூட்டில் தண்ணீர் காய்ந்துபோகும். அதனால்தான் நண்பகலுக்கு மேல் வண்டி நல்ல பிள்ளையாகிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இனிக் கேள்வி. ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாகப் பிசுபிசுக்கும், இது அது இல்லை. கடல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூக்கும், அதுவும் இல்லை. அக்கா குழிக்குள் காற்றடித்தாள். சிறு சிறு நுரை மேலே வந்தது. மல்லிகை வாசனை.

அந்த ஷாம்பூ என்னுடையது.

மறைத்துப் பிரயோஜனம் இல்லை, எழுதிவிடுகிறேன். படகுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலிலிருந்து வந்ததும் முதலில் மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசுவார்கள், பிறகுதான் தாங்கள் குளிப்பார்கள். உப்பு இருந்தால் இரும்பைத் தின்றுவிடும். எட்டு வயதிலிருந்து அப்பாவின் மோட்டாரை அலசுகிற வேலை என்னுடையது. டிங்கியை விற்ற அன்று, வாங்கியவரிடம் போய், மோட்டாரை மறக்காமல் அலசுங்கள் என்று அப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்ததைப் பார்த்தேன். காருக்கும் அது வேண்டும்தானே? ஜெட்டிக் காற்றில் நிற்கிற வண்டி. விடிகாலை நாலரைக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கும்போது, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத் தலைக்கு ஊற்றி, ஷாம்பூ போட்டு, அலசி, துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். பத்து மணி வரை தூங்கினால்தானே பிறகு ஆகும்? அன்றும் செய்திருந்தேன். டாக்டரிடம் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டாமல் அனுப்புவார்களா என்று இரண்டு வாளி கூடுதலாகவே ஊற்றியிருந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மரம் விழுந்து நசுங்கி அவள் கொல்லையில் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு காயிலும் நல்ல ரப்பர் வளையமும் கழற்றி வந்தாள். குழியைத் துடைத்தாள், காய வைத்தாள், நான்கு பிளக்கையும் புதிதாக மாட்டினாள். ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். கார் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. நான்கு வரியிலும் பூஜ்யம். பானெட் மேல் ஒரு கிளாஸ் டீயை வைத்தாள். டீயில் சுருக்கம்கூட விழவில்லை. அப்பா அந்த டீயையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதற்குத் தோள் வலியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

திங்கட்கிழமை அதிகாரி ரங்கத் போகும் வழியில் தூங்கிவிட்டார். திரும்பி வந்து எழுப்பிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஆனால் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை.

எஞ்சின் சரியானதும் அப்பாவுக்கு மூளை சூடாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியது யார்? தான் ஊற்றவில்லை, அது சத்தியம். ஊற்றினவன் நாளை விடியலிலும் ஊற்றினால் திங்கட்கிழமை என்ன ஆகும்? நான் மெதுவாக, மழையாக இருக்கும் என்றேன்.

"மழையா? பொங்கலுக்குப் பிறகு எங்க பெஞ்சுது?" என்றாள் அக்கா, ஸ்பானரைத் துடைத்தபடி. "மல்லிப்பூ வாசத்தோட வேற."

அப்பா தாழ்ந்த குரலில், தம்பையாதான் என்றார். பட்டியலில் அடுத்த பெயர் அவன். அடுத்த வீடு. விடிகாலை எழுகிற ஆள். காலையில் தள்ளுவதற்கு அவன் ஏன் ஓடி வந்தான்? இருபது வருஷம் ஒரே படகில் சோறு தின்றவன். அப்பா சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, நீ வண்டிகிட்ட நில்லு. நான் அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள், போய்க் கேளுங்கள் அண்ணே, கேட்டால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுக் குனிந்து டப்பாவில் போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ரோட்டில் இறங்கிவிட்டார்.

"நான்தாம்ப்பா ஊத்துனேன்" என்றேன்.

அப்பா திரும்பினார். எதற்கு என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ரோட்டில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேர் என்று ஒன்று இருக்கிறதே.

"சும்மா, விளையாட்டுக்கு. அந்த மஞ்ச லைட்டு எரியுதா பாப்போம்னு."

அப்பா என் மேல் கை வைத்ததே இல்லை. இப்போதும் வைக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, கை வைத்திருக்கலாம். என் படகு போனது உனக்கு விளையாட்டா என்று கேட்கப்போகிறார் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், திட்டு எனக்குப் பழக்கம்தான்.

"இரு அண்ணே, ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. எழுந்து வந்து பானெட்டுக்குள் கையை விட்டு, பேட்டரிப் பக்கத்திலிருந்து ஒரு அரிசிக் கவர் துண்டை உருவினாள். அவசரத்தில் நான் அவிழ்க்க மறந்தது. "விளையாட்டுக்கு ஊத்துறவ பேட்டரி நனையாம கவர் சுத்துவாளா? மூணு நாளைக்கு ஒருக்கா குழாத் தண்ணி வர்ற ஊருல, கையெட்டுற தூரத்துல கடல வச்சுக்கிட்டு, நல்ல தண்ணியத் தூக்கிட்டு வந்து ஊத்துவாளா?"

அப்பா அந்தக் கவர் துண்டை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதில் சுற்றியிருந்தது தூண்டில் நரம்பு. முடிச்சு அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

"மோட்டார அலசுனியா?" என்றார்.

"ஒரே ஒரு நாள்தான்" என்றேன்.

அக்கா டார்ச்சை மறுபடி மூன்றாவது பக்கம் காட்டிவிட்டு அணைத்தாள்.

"துருவப் பாத்தா ரெண்டு மாசம் அண்ணே. ஒரு குழா நாள்கூட விடல."